மாப்பிள்ளையின் லேப்டாப்பும் மூன்று வயர்களும்

முதலில் மன்னித்துவிடுங்கள். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் நான் எழுதியதெல்லாம் மோட்டார்களில் கட்டித் தொங்கவிடும் அட்டைகளில்தான். 'ராயப்பன்பட்டி, அஞ்சு ஹெச்.பி., வெள்ளிக்கிழமை' என்று எழுதுவேன். அதைவிட நீளமாக எழுத வேண்டிய அவசியம் வந்ததில்லை. சின்ன ர எங்கே வரும், பெரிய ற எங்கே வரும் என்பதில் எனக்கு இன்னும் ஒரு முடிவு ஏற்படவில்லை. தப்பு இருந்தால் மனதுக்குள்ளேயே திருத்திக்கொள்ளுங்கள். என் மகளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். (அவள் ஏற்கனவே நிறையத் திருத்திவிட்டாள். இன்னும் மிச்சம் இருக்கிறது என்று தெரிந்தால் மனசு ஒடிந்துபோவாள்.)

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே ஒப்புக்கொள்கிறேன். எனக்குக் கூச்சம் அதிகம். பஸ்ஸில் என் நிறுத்தம் தாண்டிப் போனால் கூட, "நிறுத்துங்க" என்று கத்த மாட்டேன். சின்னமனூர் வரைக்கும் போய் இறங்கி, ஏதோ அங்கே வேலை இருப்பவன் மாதிரி ஒரு டீ குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பி வருவேன். என் ஒரே மகள் கவிதாவுக்குக் கல்யாணம் பேசியபோது, பெண்ணைப் பெற்றவன் என்ற முறையில் நான் பேசியது மூன்று சொற்கள். "வாங்க." "உக்காருங்க." "சரி." மீதியை எல்லாம் என் மனைவி ஜெயக்கொடி பேசினாள். எனக்கும் சேர்த்து, சம்பந்திக்கும் சேர்த்து, சில நேரம் புரோக்கருக்கும் சேர்த்து அவளே பேசினாள்.

என் தொழில் மோட்டாருக்குக் காயில் கட்டுவது. உத்தமபாளையத்தில் வீட்டின் முன்பக்க அறைதான் கடை. சுற்றிலும் திராட்சைத் தோட்டமும் தென்னந்தோப்பும் வயலுமாக இருப்பதால் கிணற்று மோட்டார்கள் கருகிக்கொண்டே இருக்கும். வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினால் எனக்கு ஒரு வாரத்துக்கு வேலை. இடையில் டேபிள் ஃபேன், சீலிங் ஃபேன், மிக்ஸி என்று வரும். இந்தத் தொழிலை நான் எடுத்ததற்குக் காரணம், மோட்டார் நம்மிடம் எதுவும் கேட்காது, நாமும் அதனிடம் எதுவும் பேச வேண்டியதில்லை என்பதுதான்.

கல்யாணம் போன வருஷம் ஆவணியில் நடந்தது. மாப்பிள்ளை சரவணன், கெங்குவார்பட்டிக்காரர். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள் மறுவீட்டுக்கு எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கறிவிருந்து. சம்பந்தி வீட்டிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள், எங்கள் பக்கத்தில் அறுபது பேர். விருந்துக்கான கிடா, விஷயம் தெரியாமல் கொல்லையில் நின்று அகத்திக் கீரை தின்றுகொண்டிருந்தது.

நானும் மாப்பிள்ளையும் அதுவரை நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. எங்கள் பக்கத்தில் மாமனாரும் புது மாப்பிள்ளையும் அவ்வளவாகப் பேசிக்கொள்ள மாட்டார்கள். அது மரியாதை. மாப்பிள்ளை வந்தால் நான் எழுந்து நிற்பேன், நான் வந்தால் அவர் எழுந்து நிற்பார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஆளுக்கொரு பக்கம் போய்விடுவோம். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் ஜெயக்கொடி மூலமாகப் போகும். எனக்கு இந்த வழக்கம் ரொம்பப் பிடித்திருந்தது. எந்தப் புண்ணியவான் இதைக் கொண்டுவந்தானோ, என்னை மனதில் வைத்துத்தான் கொண்டுவந்திருக்கிறான் என்று நினைத்துக்கொள்வேன்.

சனிக்கிழமை காலை பலகாரம் முடிந்ததும் மாப்பிள்ளைக்கு ஆபீஸிலிருந்து ஃபோன் வந்தது. அவசரமாக ஒரு வேலையை முடித்து அன்று சாயங்காலம் ஆறு மணிக்குள் அனுப்பியாக வேண்டுமாம். முடியாவிட்டால் லீவை ரத்து செய்துவிட்டுக் கிளம்பி வர வேண்டுமாம். மாப்பிள்ளை பெரிதாகக் கவலைப்படவில்லை. கையோடு லேப்டாப் கொண்டுவந்திருந்தார். அறைக்குள் போய், நாங்கள் சீராகக் கொடுத்த கட்டிலில் குப்புறப் படுத்து, லேப்டாப்பை மெத்தை மேல் வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தார்.

அந்த மெத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். போடியில் நானே நேரில் நின்று அடைத்து வாங்கிய இலவம் பஞ்சு மெத்தை. பெண்ணைக் கட்டிக் கொடுக்கிற சந்தோஷத்தில் பஞ்சைக் கொஞ்சம் தாராளமாக அடைக்கச் சொல்லிவிட்டேன். படுத்தால் ஆள் முழுகிப்போவார். புது மெத்தை என்பதால் தையல் இடுக்கிலிருந்து பஞ்சு மெல்லியதாகக் கசிந்துகொண்டிருந்தது. அறையைப் பெருக்கினால் வாசல்வரை பறக்கும்.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். லேப்டாப் தானாக அணைந்துவிட்டது. திரும்பப் போட்டார், பத்து நிமிஷம் ஓடி அணைந்தது. இன்னொரு தடவை போட்டார், ஐந்து நிமிஷம். தேனியில் ரிப்பேர் செய்யும் ஒரு கடைக்கு ஃபோன் போட்டுக் கேட்டதற்கு, திங்கட்கிழமை கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளை முகம் தொங்கிப்போய்விட்டது.

இதற்குப் பிறகு நடந்த பேச்சுவார்த்தையை எனக்கு அப்போது தெரிந்தபடி சொன்னால் உங்களுக்குப் புரியாது. அதனால் பின்னால் எல்லோரையும் உட்காரவைத்து விசாரித்துத் தெரிந்துகொண்டபடி சொல்கிறேன்.

கவிதா அடுப்படிக்குப் போய், "அம்மா, அவுக லேப்டாப்பு சூடாகிச் சூடாகி நின்னு போகுதாம். ஃபேன்ல கோளாறா இருக்கும்ன்றாக" என்று சொல்லியிருக்கிறாள்.

"ஃபேனா? அம்புட்டுத்தானா! அதுக்கா மாப்ள மூஞ்சி இப்படி வாடிக் கெடக்கு? ஒங்கப்பா பாக்காத ஃபேனா?" என்று சொல்லிவிட்டு ஜெயக்கொடி நேராகக் கடைக்கு வந்தாள்.

"ஏங்க, மாப்ள பொட்டியில ஃபேன் ஓடலையாம். நீங்க பாத்துக் குடுக்கணும்னு கேக்குறாக."

"மாப்ளயா கேட்டாக?"

"பின்ன, நானா கேக்குறேன்?"

"ஏய், அது கம்ப்யூட்டருடி. அதுல எனக்கு என்ன தெரியும்? நம்மனால ஆகாதுன்னு பதமாச் சொல்லிரு."

அவள் பதமாகப் போய் மாப்பிள்ளையிடம் சொன்னது: "ஒங்க மாமா பாத்துத் தாரேன்னுட்டாக மாப்ள. அஞ்சு நிமிச வேலையாம்."

மாப்பிள்ளை பதறிப்போய், "ஐயையோ, வேணாம் அத்தை. மாமாவுக்கு எதுக்குச் சிரமம்? இது ஆபீஸ் சாமான், யாரும் தெறக்கக் கூடாது" என்று சொல்லியிருக்கிறார்.

அது என்னிடம் வந்து சேர்ந்தபோது: "ஆபீஸ் சாமானாம். கண்டவன் கையில குடுக்க மாட்டாகளாம். மாமா கைபட்டாத்தான் நல்லதுன்றாக."

ஜெயக்கொடியைக் குறை சொல்ல மாட்டேன். அவளுக்கு நாளைக்கு வேனில் வரப்போகிற ஆட்கள்தான் கண்ணுக்குள் நின்றார்கள். மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளை இல்லாமல் பெண் மட்டும் உட்கார்ந்திருந்தால் ஊர் என்ன பேசும்? ஆபீஸ் வேலை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? 'மூணே நாளு, என்னமோ நடந்திருக்கு' என்று உத்தமபாளையத்தில் ஆரம்பித்தால் கம்பம் போய்ச் சேர்வதற்குள் கதை இரண்டு மடங்காகிவிடும். அவளுக்கு எப்படியாவது அந்தப் பெட்டி ஓட வேண்டும். அதை ஓட்ட, வீட்டில் இருந்த ஒரே ஃபேன் ஆள் நான்தான்.

மாப்பிள்ளை லேப்டாப்பைக் கொண்டுவந்து என் மேஜை மேல் வைத்தார். ஒரு ஏழரை ஹெச்.பி. மோட்டார் பக்கத்தில், முதல் நாள் பள்ளிக்கூடத்துக்கு வந்த பிள்ளை மாதிரி அது பயந்துபோய் உட்கார்ந்திருந்தது. அதைப் போட்டு, திரையின் மூலையில் சிவப்பாக ஓடிய ஓர் எண்ணை விரலால் காட்டினார். என்னைப் பார்க்காமல் ஜெயக்கொடியைப் பார்த்துச் சொன்னார்: "இதுதான் அத்தை உள்ள இருக்கிற சூடு. பிராசசர்னு ஒன்னு இருக்கு, மூளை மாதிரி. அதோட டெம்பரேச்சர். இப்ப தொண்ணூத்தஞ்சு டிகிரி."

ஜெயக்கொடி குனிந்து பார்த்தாள். "தொண்ணூத்தஞ்சா? தொண்ணூத்தெட்டரைக்கு மேல போனாத்தான மாப்ள காச்சல்? இது சும்மா ஒடம்பு சூடு."

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. (மாப்பிள்ளை சிரிக்காததற்குக் காரணம் கவலை. நான் சிரிக்காததற்குக் காரணம், அவள் சொன்னது சரி என்று நினைத்தது.)

கடிகாரக் கடையில் இரவல் வாங்கிய திருப்புளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் மாப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றக் கழற்ற அவர் மூச்சு பலமாகக் கேட்டது. என் வேலைத்திறமையைப் பார்த்து அசந்து நிற்கிறார் என்று நினைத்தேன். 'நிறுத்துங்க' என்று எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவர் நின்றார். 'எனக்குத் தெரியாது' என்று எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நான் கழற்றிக்கொண்டிருந்தேன். இரண்டு பேரில் ஒருத்தர் வாயைத் திறந்திருந்தால் அந்தப் பெட்டி திறந்திருக்காது.

உள்ளே ஃபேனைப் பார்த்ததும் எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது. ஓர் உளுந்து வடை அளவுதான் இருந்தது. விரலால் சுற்றினேன், லேசாகச் சுற்றியது. பேரிங்கில் பழுதில்லை. போட்டுப் பார்க்கச் சொல்லி ஜாடை காட்டினேன். சுற்றத்தான் செய்தது. கையை வைத்துப் பார்த்தேன். அங்கேதான் எனக்கு ஞானம் பிறந்தது.

காற்று வெளியே போகிற மாதிரி மாட்டியிருந்தார்கள்!

சூடாகிறது உள்ளே இருக்கிற மூளை. காற்று அடிப்பது வெளியே சுவர்ப் பக்கம். வியர்த்துப்போய் ஒருத்தன் உட்கார்ந்திருக்க, அவனுக்கு முதுகைக் காட்டி டேபிள் ஃபேனை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தால் எப்படி இருக்கும்? கம்பெனியில் அவசரத்தில் மாற்றி மாட்டிவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். பெரிய கம்பெனிக்காரன் கண்ணுக்குத் தப்பியது ஐந்தாம் வகுப்புக்காரன் கண்ணில் பட்டுவிட்டதே என்று கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

ஃபேனிலிருந்து வந்த வயர்களை எண்ணினேன். மூன்று. சிவப்பு, கறுப்பு, மஞ்சள்.

தோட்டத்து மோட்டாரில் கைவைத்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மூன்று வயர் வந்தால் அது த்ரீ பேஸ். மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் ஏதாவது இரண்டு வயரை இடம் மாற்றிக் கொடுத்தால் போதும், நேராகச் சுற்றும். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம் அது. இத்தனை வருஷத்தில் நூற்றுக்கணக்கான கிணறுகளில் செய்திருக்கிறேன். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. அந்த வடையளவு ஃபேனுக்கும் கரண்டு கம்பத்திலிருந்துதான் வருகிறது என்பது போல நான் யோசித்தேன்.

மாப்பிள்ளை ஆபீஸுக்கு ஃபோன் பேச வாசலுக்குப் போன நேரம் பார்த்து, இரண்டு வயரை நறுக்கி, மாற்றி முறுக்கி, சால்டரிங் வைத்து, டேப்பும் சுற்றிவிட்டேன். அதோடு விட்டிருக்கலாம். கை சும்மா இருக்கவில்லை. மூளை மேல் உட்காரும் செம்புத் தகட்டைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் காய்ந்த சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக என்னமோ அப்பியிருந்தது. 'எத்தனை நாள் அழுக்கோ' என்று சுரண்டி எடுத்து, தின்னர் தொட்டுத் துடைத்து, கண்ணாடி மாதிரி பளபளப்பாக்கி வைத்தேன். மாப்பிள்ளைக்கு ஓர் இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று இதை யாரிடமும் சொல்லவில்லை.

மாப்பிள்ளை திரும்பி வந்து சுவிட்சைப் போட்டார். ஃபேன் சத்தம் இல்லை. வெளியேயும் காற்று வரவில்லை, உள்ளேயும் வரவில்லை. மூலையில் சிவப்பு எண் எழுபது என்றது. பிறகு எண்பத்திரண்டு. பிறகு தொண்ணூற்றொன்று. நூற்றி மூன்று என்று காட்டியபோது ஜெயக்கொடி, "ஆத்தாடி, இப்பத்தான் நெசமாவே காச்சல்" என்றாள். அதோடு பொட்டென்று அணைந்துவிட்டது.

மணி இரண்டரை. மாப்பிள்ளை மெதுவாக வெளியே போய்க் கடைப் படிக்கட்டில் உட்கார்ந்தார். உள்ளே அறையில் கவிதா அவருடைய சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. சட்டைக் காலரை மட்டும் திரும்பத் திரும்ப நீவிக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் எதையாவது கேட்டு நான் வாங்கித் தரவில்லை என்றால் அவள் பாவாடை ஓரத்தை இப்படித்தான் நீவுவாள்.

நான் கொல்லைப்பக்கம் போய், தேவையில்லாமல் கை கழுவினேன். பின்னாலேயே ஜெயக்கொடி வந்தாள்.

"என்ன பண்ணுனீக?"

"ஒன்னும் பண்ணல."

"இருவத்தஞ்சு வருசம் குடும்பம் நடத்துறேன். ஒன்னும் பண்ணாத மொகரையா இது?"

சொல்லிவிட்டேன். வயர், சுண்ணாம்பு, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிவிட்டு, "நீயே பக்குவமா மாப்ளகிட்ட எடுத்துச் சொல்லிரு" என்று கெஞ்சினேன்.

"நான் சொல்ல மாட்டேன்."

"ஏய்..."

"காலைலருந்து ஒங்க ரெண்டு பேருக்கும் நடுவுல தபால் தூக்குனது போதும். நான் நாலு வார்த்தையக் கூட்டிக் கொறச்சுச் சொல்லித்தான் இம்புட்டும் வந்துச்சு. வயர மாத்துன ஆளு நீங்க. நீங்களே போயிச் சொல்லுங்க. மாப்ள என்ன கடிச்சா திம்பாக?"

கொல்லையிலிருந்து கடைப்படி இருபது அடி இருக்கும். நான் போய்ச் சேர ஐந்து நிமிஷம் ஆயிற்று. என்னைப் பார்த்ததும் மாப்பிள்ளை வழக்கம்போல எழுந்து நின்றார். நானும் நின்றேன்.

"மாப்ள..."

வோல்டேஜ் குறைந்த மோட்டார் மாதிரி என் தொண்டையில் உறுமல் வந்தது, சுற்றுதான் எடுக்கவில்லை. மறுபடியும் முக்கினேன்.

"மாப்ள, ரெண்டு வயர மாத்திப்புட்டேன்."

என் மாப்பிள்ளையிடம் நான் முதன்முதலாக நேராகப் பேசிய வாக்கியம் அதுதான்.

அவர் ஒன்றும் புரியாமல் பார்த்தார். "எதுக்கு மாமா?"

"காத்து வெளிய போச்சு. உள்ளல்ல அடிக்கணும்? அதான் திருப்பி விட்டேன். மூணு வயரு இருந்துச்சு... த்ரீ பேஸுன்னு நெனச்சேன்."

மாப்பிள்ளை வாய் திறந்தபடியே இருந்தது. பிறகு அவர் தோள் குலுங்கியது. ஐயோ, படித்த பிள்ளையை அழவைத்துவிட்டேனே என்று நான் கையைப் பிசைந்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமில்லாமல் ஆரம்பித்து, படிக்கட்டில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மாமா, அது வெளியதான் மாமா போகணும்! உள்ள இருக்குற சூட்டை வாரி வெளிய கொட்டத்தான் அந்த ஃபேனு."

"வெளிய கொட்டவா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்ப அது எக்ஸாஸ்ட்டா? அரிசி மில்லுல சுவத்துல மாட்டுவாகளே, அது மாதிரியா?"

"அதேதான் மாமா."

"அட, இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல மாப்ள!"

"நீங்க கேக்கலையே மாமா."

"நீங்க பேசலையே மாப்ள."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எனக்கு அப்போதுதான் மாப்பிள்ளைக்கு இடது கன்னத்தில் ஒரு மச்சம் இருப்பது தெரிந்தது. அதுவரை அவர் காலைத் தவிர எதையும் நான் பார்த்ததில்லை.

எக்ஸாஸ்ட் என்று தெரிந்த பிறகு அது என் வேலை. எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடியும் சூடு போகவில்லை என்றால் ஃபேனில் கோளாறு இல்லை, வாசல் அடைத்திருக்கிறது. மேஜைக்கு ஓடினேன். ஃபேனுக்கு எதிரே, காற்று வெளியேறுகிற இடத்தில், சீப்புப் பல் மாதிரி வரிசையாகத் தகடுகள் இருந்தன. ஃபேனைக் கழற்றி அந்த இடுக்கைப் பார்த்தேன். ஜெயக்கொடியிடம் பூக் கோக்கும் ஊசியை வாங்கி நெம்பினேன். சின்னத் தலையணை மாதிரி ஒரு கட்டி முழுசாக வெளியே வந்தது.

அடியில் கறுப்பாகக் கொஞ்சம் பெங்களூர்த் தூசி. அதன் மேல் வெள்ளை வெளேரென்று, பட்டுப் போல, முதல் தர இலவம் பஞ்சு.

"இது எங்கருந்து மாமா வந்துச்சு?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"நான் குடுத்த மெத்தைதான் மாப்ள" என்றேன். இப்போது உண்மை பேசுவது கொஞ்சம் சுலபமாகியிருந்தது. அந்த வேகத்தில் மற்றதையும் சொல்லிவிட்டேன். "தகட்டுக்கு அடியில வெள்ளையா அழுக்கு இருந்துச்சு, அதையும் சொரண்டிப்புட்டேன்."

மாப்பிள்ளையின் சிரிப்பு நின்றுவிட்டது. "மாமா, அது அழுக்கு இல்ல. மூளையிலருந்து சூடு தகட்டுக்கு ஏறுறதுக்காகத் தடவுற பசை. அது இல்லாம ஓட்டவே கூடாது. அதுக்கு இப்ப எங்க போறது?"

நான் யோசித்தேன். சூடு ஏறுவதற்கு வெள்ளைப் பசை. எங்கேயோ பார்த்திருக்கிறேன். ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் செய்கிறவர்கள் டிரான்சிஸ்டருக்கு அடியில் தடவுவார்களே!

"மாப்ள, வண்டியில ஏறுங்க."

பசை எப்படி இருக்கும் என்று பார்த்துச் சொல்ல அவரும் வந்தாக வேண்டும். என்னிடம் இருந்தது மோட்டார் ஏற்றி ஏற்றிப் பின்சீட்டு கிழிந்துபோன ஒரு மொபெட். பட்டு வேட்டியோடு மாப்பிள்ளை அதில் ஏறி, பள்ளத்தில் வண்டி குதித்தபோது பயந்துபோய் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். மாமனாரை இடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போன புது மாப்பிள்ளையை உத்தமபாளையம் அதற்கு முன் பார்த்திருக்காது. டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸை வாயில் வைத்தபடியே தலையைத் திருப்பினார்கள். வேறொரு நாளாக இருந்தால் நான் கூச்சத்தில் வண்டியை வாய்க்காலில் விட்டிருப்பேன். அன்று ஹார்ன் அடித்துக்கொண்டே போனேன்.

ரேடியோ செட் வாடகைக்கு விடும் காதர் பாய் எனக்குப் பழக்கம். கல்யாணத்துக்குப் பாட்டுப் போட்டவரும் அவர்தான். எங்களைப் பார்த்ததும், "என்னப்பா இது? மூணாம் நாளே மாப்ளய வேலைக்குக் கூட்டிட்டு அலையிற? இன்னும் மஞ்சக் கயிறு காயலயேப்பா" என்றார். விஷயத்தைச் சொன்னதும் ஒரு சின்ன டப்பாவைத் திறந்து, வெள்ளிப் பேப்பரில் வெள்ளைப் பசையைத் தொட்டு வைத்தார். மாப்பிள்ளை முகர்ந்து பார்த்து, இதுதான் என்று தலையாட்டினார்.

"ஒரு அரிசி அளவுதான் வைக்கணும்" என்றார் பாய் என்னைப் பார்த்து. "தோசைக்கு எண்ணெய் ஊத்துற மாதிரி ஊத்திப்புடாத. ஒன்னய எனக்குத் தெரியும்."

திரும்பி வந்து இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தோம். மாப்பிள்ளை சொல்லச் சொல்ல நான் செய்தேன். வயர்களைப் பழையபடி சேர்த்தேன். அரிசி அளவு பசை வைத்தேன். (எந்த அரிசி என்று கேட்டதற்கு, சோறாகாத அரிசி என்றார் மாப்பிள்ளை.) ஃபேன் கருகியிருக்குமோ என்று முகர்ந்து முகர்ந்து பார்த்தேன். மூடி முடித்தபோது திருகாணி எத்தனை மிச்சம் இருந்தது என்று இந்தக் கதையைக் கேட்கிற எல்லோரும் கேட்பார்கள். ஒன்றுகூட மிச்சம் இல்லை. முட்டாள்தனம் வேறு, தொழில் வேறு.

சுவிட்சைப் போட்டார். தேனீ பறக்கிற மாதிரி சின்னதாக ஒரு சத்தம். பக்கவாட்டில் கையை வைத்தேன். வெதுவெதுவென்று காற்று என் உள்ளங்கையில் அடித்தது. வெளியேதான் அடித்தது. அது அவ்வளவு சரியாகத் தோன்றியது, காலையில் எப்படித் தப்பாகத் தோன்றியது என்று எனக்கே விளங்கவில்லை. மூலையில் எண் ஐம்பத்தெட்டில் நின்றது.

"அம்பத்தெட்டா?" ஜெயக்கொடி பதறினாள். "ரொம்பக் குளுந்து போச்சே, ஒன்னும் ஆகிறாதுல்ல?"

மெத்தைப் பக்கம் லேப்டாப்பைக் கொண்டுபோகக் கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். (நேராக. மாப்பிள்ளையிடம்.) அடியில் காற்று போக வேண்டுமே என்று யோசித்தபோது ஜெயக்கொடி ஓர் இட்லித் தட்டைக் கொண்டுவந்து கவிழ்த்து வைத்தாள். ஓட்டை ஓட்டையாக இருந்ததால் அதைப் போலப் பொருத்தமானது வேறில்லை. இன்டர்நெட்டுக்கு மொட்டை மாடியில்தான் சிக்னல் கிடைத்தது. ஆகவே, பெங்களூர்க் கம்பெனியின் அந்த அவசர வேலை, உத்தமபாளையத்தில் ஒரு மொட்டை மாடியில், வடகம் காய்கிற துணிக்குப் பக்கத்தில், இட்லித் தட்டின் மேல் வைத்து முடிக்கப்பட்டது. வெயில் படாமல் நான் குடை பிடித்தேன். கவிதா ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் வந்து எண்ணைப் பார்த்துவிட்டுப் போனாள். ஆறு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது மாப்பிள்ளை ஒரு பொத்தானை அழுத்தி, கையைத் தூக்கிச் சோம்பல் முறித்து, "போயிருச்சு மாமா" என்றார்.

கவிதா கீழே ஓடினாள். பையிலிருந்த சட்டைகளை எடுத்துத் திரும்பக் கொடியில் போடுகிற சத்தம் மாடி வரைக்கும் கேட்டது. மடித்த சட்டையை ஏன் கொடியில் போட்டாள் என்று தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

மறுநாள் விருந்தில் மாப்பிள்ளை இருந்தார். அதுதான் வினை. பந்தியில் இலை போட்டு அறுபது பேரும் வேன்காரர்களும் உட்கார்ந்திருக்க, வெக்கையாக இருக்கிறதே என்று நான் ஒரு பெடஸ்டல் ஃபேனைத் தள்ளிக்கொண்டு வந்தேன். நடுப்பந்தியில் இருந்த மாப்பிள்ளை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "மாமா, காத்து வெளியவா, உள்ளயா?" என்றார். ஜெயக்கொடி குழம்பு வாளியோடு அப்படியே உட்கார்ந்து சிரித்தாள். சம்பந்தி என்ன விஷயம் என்று கேட்க, மாப்பிள்ளை த்ரீ பேஸிலிருந்து இட்லித் தட்டு வரைக்கும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டார். கறி தீர்ந்த பிறகும் பந்தி எழுந்திருக்கவில்லை.

இப்போது எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷத்துக்குப் போனாலும், நான் ஃபேன் சுவிட்சுப் பக்கம் போனால் போதும், யாராவது ஒருத்தர் ஆரம்பித்துவிடுவார்கள். போன மாதம் பேத்தியைத் தொட்டிலில் போட்டோம். பிள்ளைக்குப் புழுக்கமாக இருக்குமே என்று டேபிள் ஃபேனை எடுத்து வைத்துக்கொண்டு அதன் தலையைத் திருப்பினேன். வீடு நிறைய ஆட்கள். கெங்குவார்பட்டிக்காரர்கள், எங்கள் ஆட்கள், காதர் பாய் வரைக்கும் எல்லோரும் ஒரே குரலில் கேட்டார்கள்: "வெளியவா, உள்ளயா?"

முன்பெல்லாம் என்றால் ஃபேனை அப்படியே போட்டுவிட்டுக் கொல்லைக்குப் போயிருப்பேன். அன்று நிமிர்ந்து நின்று, தொட்டிலில் இருந்தவள் திடுக்கிட்டு முழிக்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன்:

"உள்ளதான்! இது எம் பேத்தி. லேப்டாப்பு இல்ல!"

எழுதி முடித்தது: ஞாயிற்றுக்கிழமை, 12 டிசம்பர் 2010, உத்தமபாளையம்.